குளியலறையில் வழுக்கிய முழங்கால்

ஹம்
ஜெர்மனி
ஞாயிறு, பெப்ரவரி 9

அன்பு மகள் சுபானிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் சுகத்தையும் இந்த இடத்தில் கேட்கவேண்டும், ஆனால் நீ சொல்லும் சுகத்தை இனி எப்படி நம்புவது என்று தெரியவில்லை. போனில் கதைத்தால் சிரித்துச் சமாளித்துவிடுவாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். பாதியில் விடாமல் வாசி.

செவ்வாய்க்கிழமை எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. இடைவேளையில் தேத்தண்ணியை வாயில் வைக்கப் போக, தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு. காசலில் இருக்கும் லிண்ட்னர் என்ற ஒரு ஜெர்மன்காரப் பெண், எடுத்த உடனேயே அழுதா. உங்கள் மகள் இல்லையென்றால் என் மகன் யோனாஸ் இன்றைக்கு உயிரோடு இல்லை என்றா. நீங்கள் நம்பர் மாறி எடுத்துவிட்டீர்கள், என் மகள் குவாத்தமாலாவில் ஸ்பானிஷ் படிக்கிறாள், மலைக்கெல்லாம் போகமாட்டாள் என்று நான் மரியாதையாகச் சொன்னேன். அவ உன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தா. அவனைச் சேர்த்த ஆஸ்பத்திரிப் படிவத்தில், ஜெர்மனியில் தொடர்புக்கு என்று நீதான் என் நம்பரை எழுதிக் கொடுத்தாயாம். முன்பின் தெரியாத ஒருவனுக்காக என் நம்பரை எழுதத் தெரிந்த உனக்கு, அதே நம்பரை அழுத்தி என்னோடு ஒரு வார்த்தை கதைக்க ஏலாமல் போய்விட்டது.

மிச்சமெல்லாம் அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட நாலாயிரம் மீற்றர் உயரத்தில், எதிரே இருக்கும் மலை நெருப்புக் கக்கிக்கொண்டிருக்க, பன்னிரண்டு பேர் கூடாரம் அடித்துப் படுத்தீர்களாம். யோனாஸுக்கு முதலில் தலையிடி, பிறகு வயிற்றைப் பிரட்டிச் சத்தி, பிறகு குடிகாரனைப்போலத் தள்ளாடி, தன் ஊர்ப் பெயரே தெரியாமல் உளறினானாம். வழிகாட்டி, படுத்தால் சரியாகிவிடும், விடியட்டும், மற்றவர்களை விட்டுவிட்டு இறங்க ஏலாது என்றாராம். நீ, நான் தாதி, இது மூளை வீங்குகிற அறிகுறி, விடியும்வரை வைத்திருந்தால் பிணத்தைத்தான் இறக்குவீர்கள் என்று சண்டை பிடித்து, சுமை தூக்க வந்த ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, நெற்றியில் கட்டிய லைற்றோடு அந்தச் சாம்பல் சரிவில் நாலு மணித்தியாலம் அவனைத் தாங்கி இறக்கினாயாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்று டொக்டர் சொன்னாராம். நான் தேத்தண்ணியை அப்படியே ஊற்றிவிட்டுப் போய், எண்பத்தெட்டு வயது மனுசிக்கு வலது கால் சப்பாத்தை இடது காலில் மாட்டினேன்.

அதற்கு முதல் ஞாயிறு வீடியோவில் நொண்டி நடந்தாயே, அப்பா பார்த்துவிட்டு முழங்காலுக்கு என்ன என்று கேட்க, குளியலறையில் வழுக்கிப் போச்சு என்றாய். நானும் விசரிபோல, ரப்பர் செருப்பு வாங்கு, ஈரத்தில் கவனம் என்று பத்து நிமிடம் புத்தி சொன்னேன். நீ தலையாட்டிக் கேட்டாய். அதை நினைக்க நினைக்க எனக்குப் பத்தி எரிகிறது.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நீ செல்லம் கொடுத்துத்தான் பிள்ளை இப்படி என்று எனக்கு ஏச்சு. வேலைத்தலத்திலோ அந்த எரிமலை வீடியோவை எல்லாருக்கும் காட்டி, இதுக்கு முன்னாலதான் என்ர மகள் படுத்தவள் என்று சொல்லித் திரிகிறாராம். அவரோடு வேலை செய்யும் நித்தியானந்தன் அண்ணை எனக்குப் போன் எடுத்து, வீரப் பிள்ளை பெத்திருக்கிறியள் என்றார். கோயிலிலும் அதே கதை. அவனைத் தாங்கிப் பிடித்தவள் வழுக்கியிருந்தால் அவளை யார் தாங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. எரிமலைதான் பார்க்கவேண்டும் என்றால் இங்கே பக்கத்தில் ஐஃபெல் மலைப்பக்கம் எத்தனையோ இருக்கின்றன, அணைந்து குளமாகி, சுற்றிவர ஆட்கள் இருக்க வாங்கும் போட்டு. சாப்பிட ரோல்ஸ் கட்டிக்கொண்டு ரயிலில் போய்ப் பின்னேரம் திரும்பலாம்.

அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விட்டிருந்தால் உன் முகத்தில் முழித்திருக்கமாட்டேன். என் கோபம் அதில் இல்லை. நேற்று, முழங்கால் பரவாயில்லை, அடுத்த கிழமை இன்னொரு மலை என்று இரண்டு வரி போட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். முதலில் அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்துப் பார். யோனாஸின் தாய் உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறா, நான் உடைக்கவில்லை, நீ வந்து உடை.

ஆண்டவர் உன் காலடிகளைக் காப்பாராக. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொன்னதாகச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. மலைக்குப் போகமுதல் எனக்குப் போன் எடு. நான் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். அதைக் கேட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
பிறேமா