மூன்று வயரும் ஒரே பிடியில்

பிந்துலு, சரவாக்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நம் கிணற்று மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கணக்குப் போட்டுத் தாளில் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டில் 0.75 கிலோவாட் என்றிருப்பது மோட்டார் கொடுக்கும் சக்தி மட்டும்தான். அது இழுப்பது ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

இங்கே தொழிற்சாலையிலும் ஒவ்வொரு மோட்டாரும் இழுக்கும் கரண்டை அளந்து எழுதுவதுதான் என் வேலை. நேற்று பதினோராவது மோட்டாருக்கு வந்தபோது கால் ஓய்ந்துவிட்டது. வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் மீட்டரின் கொக்கிக்குள், மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும் சேர்த்துப் பிடித்துவிட்டேன். பூஜ்யம் காட்டியது. அப்படியே எழுதிவிட்டேன். உடன் வேலை செய்யும், மலாக்கா தெங்கேராக்காரர் சேகரன் அண்ணன் தாளைப் பார்த்தார்.

“என்னாம்மா இது, மோட்டார் காத்துலயா ஓடுது? மூணையும் சேத்துப் புடிச்சா ஒண்ண ஒண்ணு அடிச்சிப் பூஜ்யந்தான் வரும். ஒரு வயர மட்டும் புடிலா.”

பிடித்தேன். இருபத்திரண்டு ஆம்பியர். முன்னே அளந்ததிலும் தப்பு இருக்கலாம் என்று பதினொன்றையும் மறுபடி அளக்க வைத்தார். அவ்வளவுதான், கவலைப்பட ஒன்றுமில்லை.

நம்மூர் புலாவ் செபாங் பசாரில் வாங்கும் மிளகாய்த்தூள் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றையும் வையுங்கள், கிரீஸ் துடைக்க ஆகும்.

வேலைக்கு ஏற்றிப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து போனில் கேட்கும்போது, நன்றாக இருக்கிறேன் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. ஒரு நாள் நீங்கள் மட்டும் தனியாகக் கூப்பிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
ஷாமினி