நீல வாளிக்குக் கைதட்டல்

ஜூன் 4

இன்றைக்கும் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. நீச்சல் குளத்தில் ஆராய்ச்சி என்றால் ஈரமும் காற்றுமாக சுகமான வேலை என்று நினைத்துச் சேர்ந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான்காவது தடத்தின் கோடியில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கென்றே வைத்த வாளி. மாஸ்டர் விசில் ஊத ஊத நீந்துகிறார்கள். யாருக்காவது குடலைப் புரட்டினால் தட்டுத் தடுமாறிக் கரையேறி வாளிக்கு ஓட வேண்டும். மற்றவர்கள் நீந்துவதை நிறுத்திவிட்டுக் கைதட்ட வேண்டும். மாஸ்டர்தான் ஆரம்பித்து வைப்பார். "பாத்துக்கங்க! இவன்தான் உண்மையா உழைச்சவன்!" கூரை போட்ட குளம். கைதட்டலும் எதிரொலிக்கிறது, மற்றதும் எதிரொலிக்கிறது. குளோரின் வாடையோடு அந்த வாடையும் சேர்ந்தால் — வேண்டாம், எழுதும்போதே வருகிறது.

என் வேலை, நீந்தி முடித்த கையோடு பிள்ளைகளின் காதுமடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் பார்ப்பது. உடம்பு நிஜமாக எவ்வளவு பாடுபட்டதோ அவ்வளவுக்கு அந்த அளவு ஏறும். நீச்சல் சங்கம் கேட்டுச் செய்கிற ஆராய்ச்சி. தலைப்பு: இளம் வீரர்களின் மனஉறுதியில் பயிற்சியாளரின் பங்கு. மனஉறுதியாம்!

ஜூன் 5

வாளி. கைதட்டல். சீ.

ஜூன் 9

ஆராய்ச்சியை நடத்துகிற புரொபசரின் அறையில் குளத்து வீடியோவைப் போட்டுப் பார்த்தோம்.

"சார், பாக்கவே கொடுமையா இல்லையா?"

"அதை வாளின்னு பாக்காதம்மா. அது ஒரு சடங்கு. குழுவை ஒண்ணாக் கட்டிவைக்கிற சடங்கு."

சொல்லிக்கொண்டே பிஸ்கட்டை டீயில் முக்கினார். திரையில் ஒரு பையன் வாளிக்குள் தலையை விட்டிருந்தான். பிஸ்கட் ஊறிப்போய்ப் பாதி டீக்குள் விழுந்தது. ஸ்பூனால் துழாவி எடுத்துச் சாப்பிட்டார். இந்த மனிதரிடம் நான் என்னத்தைப் பேச?

ஜூன் 14

அக்கா மகளும் இதே குளத்தில்தான் பயிற்சி எடுக்கிறாள், இரண்டாவது தடத்தில். பதின்மூன்று வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் சின்னது, காரம் பெரிது. விசில் நிற்கிறவரை தலையைத் தூக்காமல் நீந்துவாள். ஒரு நாளும் வாளிப் பக்கம் போனதில்லை. அதனால் மாஸ்டருக்கு அவளைப் பிடிக்கவில்லை. "மகாராணிக்கு இன்னும் உடம்பு நோகல போலிருக்கு" என்று நேற்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவள் காது சிவந்துவிட்டது. அந்தக் காதில்தான் நான் ஊசி குத்தினேன்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"நீ தினமும் அங்கதானே இருக்க? இவ மட்டும் ஏன்டி கைதட்டு வாங்க மாட்டேங்கிறா? அடுத்த மாசம் அணி எடுக்கிறாங்க, மாஸ்டர் கண்ணுல பட வேணாமா?"

"பிள்ளை வாந்தி எடுக்கலியேன்னு கவலப்படுற முதல் அம்மா நீதான்க்கா."

"உனக்கு எல்லாமே கிண்டல்தான்." வைத்துவிட்டாள்.

ஜூன் 18

இரண்டு வாரத்து அளவுகளை வரிசையாகப் பார்த்தேன். வாளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு லாக்டேட் குறைவு. மிளகுக்குத்தான் குளத்திலேயே அதிகம்! கருவி பழுதோ என்று என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தேன். பழுதில்லை.

அதிகக் கைதட்டல் வாங்கும் பெண்ணை எல்லோரும் சாம்பியன் என்பார்கள். உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்தேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அதெல்லாம் நாங்களா வர வைக்கிறது. வாளிக்குப் போயிட்டா மிச்ச ரவுண்டு கிடையாது, கைதட்டும் கிடைக்கும். மாட்டி மட்டும் விட்டுறாதீங்க."

வாய்விட்டுச் சிரித்தேன். இத்தனை பெரிய மீசை வைத்த மாஸ்டர் காதில் இந்தப் பொடிசுகள் பூச்சுற்றியிருக்கின்றன. ரொம்ப நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஜூன் 23

மிளகு இன்று வாளிக்குப் போனாள்.

பெற்றோர் உட்காரும் படியில் அக்கா எழுந்து நின்று கைதட்டினாள். அத்தான் வீடியோ எடுத்தார். மாஸ்டர் மிளகின் முதுகில் ஓங்கித் தட்டி, "இப்பதான்டி நீ நம்ம ஆளு" என்றார். நான் ரத்தம் எடுத்தேன். சும்மா நடந்து வந்தவளின் அளவு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தியாடி!" என்று அக்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்றைக்குச் சாம்பியன் சொன்னபோது எதற்குச் சிரித்தேன்?

ஜூன் 24

யார் பெயரையும் சொல்லாமல் புரொபசரிடம் அளவுகளைக் காட்டினேன்.

"அப்ப லாக்டேட்டை விட்டுடலாம். நம்ம தலைப்பு மனஉறுதி தானேம்மா, ரத்தம் இல்லையே."

எங்கள் அறிக்கையை வைத்து நீச்சல் சங்கத்தார் எல்லாக் குளத்துக்கும் வாளி முறையைக் கொண்டுபோகப் போகிறார்களாம். சொல்லிவிட்டு வாயோரத்து பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டார். தூ. மாஸ்டரிடமே நேராகச் சொல்லலாமா? பிள்ளைகளின் தோலை உரித்துவிடுவார். சாம்பியன் என்னை நம்பிச் சொன்னாள். என்னதான் செய்வது?

ஜூன் 29, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதி முடித்துவிடுகிறேன்.

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. மிளகு நன்றாகத்தான் சாப்பிட்டாள். கை கழுவப் போனவள் வரவில்லை. குழாய் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தேன். கண்ணெல்லாம் நீர், உதட்டோரம் ஈரம்.

"என்னடி பண்ற?"

"சத்தம் போடாத சித்தி. அம்மாட்ட சொல்லாத. மத்தவங்களுக்கு டக்குனு வந்துருது. எனக்குத்தான் வரவே மாட்டேங்குது. அதான் வீட்லயும் பழகுறேன்."

பழகுறாளாம்! மூச்சுப் பயிற்சி பழகுற மாதிரி, கால் வீச்சுப் பழகுற மாதிரி. அய்யோ, என்னடா பண்ணி வச்சிருக்கீங்க புள்ளைய?

"போதும், இனி பழக வேணாம்" என்றேன்.

"இப்ப நான் வேணாம்னாலும் வருது சித்தி."

சமையலறைக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் என் மேல் எரிந்து விழுந்தாள். எனக்கு அவள் பெண் மேல் பொறாமை என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் கைதட்டினேனேடி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஜூன் 30

அக்கா காலையிலேயே குளத்துக்குப் போய் மிளகின் பையை எடுத்து வந்துவிட்டாள். "இப்பதானே வாளியத் தொட்டா, இப்பப் போய் நிறுத்துறீங்களே!" என்று மாஸ்டர் அங்கலாய்த்தாராம். அக்கா வாளியைக் காலால் எத்திவிட்டாளாம். அது காலி வாளி. "நெறஞ்சிருந்தா அவர் காலுக்கு நல்லா இருந்திருக்கும்" என்கிறாள். அத்தான் மிளகைக் காட்ட ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறார்.

நான் புரொபசரிடம், என் பெயரை எடுத்துவிடுங்கள், இனி வர மாட்டேன் என்றேன். "ஆத்திரப்படாதம்மா, வளர வேண்டிய பொண்ணு" என்றார். வளர்ந்தது போதும்.

ஆகஸ்ட் 3

மிளகுக்கு இந்த வாரம் மோசம். அக்கா போனில் அழுதாள்.

செப்டம்பர் 12

அறிக்கை வந்துவிட்டது. அட்டையில் அந்த நீல வாளி, நன்றாகக் கழுவிப் பளபளவென்று. லாக்டேட் பற்றி ஒரு வரி இல்லை. நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. எடுத்துவிடச் சொன்ன அதே பெயர். எங்கள் பக்கத்துப் பள்ளிக் குளத்துக்கும் வாளி வந்துவிட்டதாம். அங்கே பச்சை.

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. மிளகு என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று யாரும் உற்றுப் பார்க்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. அதனால் நாங்கள் மூன்று பேரும் மின்விசிறியையும் சுவரையும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மிளகு எழுந்து கை கழுவப் போனாள். குழாய் திறக்கும் சத்தம். எங்கள் மூன்று பேர் வாயும் அப்படியே நின்றுவிட்டது.

குழாய் நின்றது. மிளகு வந்து, ஈரக் கையை என் தோளில் துடைத்தாள்.

"எல்லாரும் ஏன் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? பழம் இருக்காம்மா?"

உரித்து, எங்கள் நடுவில் உட்கார்ந்து, முழுசாகத் தின்றாள். அக்காவின் இரண்டு கைகளும் தட்டுவதற்கு மேலே வந்தன. பாதியில் நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டாள்.