யார் கேட்கும்போது?

ஆகஸ்ட் 3

அன்பு மகளுக்கு,

"சார், 'வந்தான்'னு மட்டும் எழுதினா, யாரு வந்தான்?" ஆறாம் வகுப்பில் நீ கேட்ட கேள்வி. வீட்டில் அப்பா, வகுப்பில் சார். பலகையில் 'தோன்றா எழுவாய்' என்று எழுதினேன். ஆளைத் தெரிந்தவர்களுக்குள் ஆளைச் சொல்ல வேண்டியதில்லை என்றேன். நீ தலையாட்டவில்லை.

நேற்று போனிலும் அதே கேள்வி. நீ வீடு வாங்க நான் கடன் கொடுத்தபோது, வக்கீல் செலவு எதற்கு என்று அடமானப் பத்திரத்தை நானே எழுதினேன். "கேட்கும்போது மீதித் தொகை முழுவதும் தர வேண்டும், தவறினால் வீட்டை விற்று எடுத்துக்கொள்ளலாம்" என்றிருக்கிறது. "யார் கேட்கும்போதுப்பா?" என்றாய். ஸ்பீக்கரில் போட்டால்தான் எனக்குக் காது கேட்கிறது. பக்கத்து அறையில் உன் அண்ணன். அதனால் மழுப்பினேன்.

நான்தானம்மா கேட்க வேண்டும். கேட்கப்போவதில்லை. மாதக் கடைசியில் வரும் இதய ஆபரேஷனுக்கும் சேர்த்துக் கவலைப்படாதே.

உன் அப்பா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் வந்த அன்றே அண்ணனும் வந்திருந்தான், கூட ஒருவரோடு. அவர் சமையலறைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். பாத்ரூம் குழாயைத் திறந்து மூடினார்.

"யாருண்ணா இவரு?"

"தெரிஞ்சவர்தான். சும்மா வந்தாரு."

சும்மா வந்தவர் ஹாலை ஏன் அடி போட்டு அளக்கிறார்? அவர் வெளியே போனதும் அண்ணன் சொன்னான்: "என் அச்சகம் கடன்ல மூழ்கிட்டிருக்குடி. அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா, கேக்கிற ஆள் நான்தானே? பத்திரத்துல 'கேட்கும்போது'ங்கிற இடத்துல அப்பா பேரா போட்டிருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

ஒரு தவணைகூட நான் தவறியதில்லை அப்பா. மொத்தமாகக் கேட்டால் எங்கே போவேன்? உங்கள் மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. காலிங் பெல் அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இதைப் பேசுகிறேனே என்று என்மேலேயே கோபம் வருகிறது.

உங்கள் மகள்

ஆகஸ்ட் 19

அன்பு மகளே,

கடனையே தள்ளுபடி செய்யலாம் என்று முதலில் நினைத்தேன். அது உன் அண்ணனின் பங்கையும் சேர்த்துத் தள்ளுவதாகும். அவனும் என் பிள்ளை.

இந்தத் தடவை பத்திரத்தை வக்கீலே புதிதாக எழுதினார். நான் இருக்கும்வரை நான் மட்டுமே கேட்கலாம். எனக்குப் பிறகு, நீ இதே தவணையைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். அதில் பாதி அண்ணனுக்கு, மீதிப் பாதி உன் பங்கு. மொத்தமாகக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை. நீ தவணை கட்டும்வரை வீட்டையும் யாரும் தொட முடியாது.

அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ என்மேல நம்பிக்கை இல்ல."

"உன் அச்சகத்து மேலதாண்டா இல்ல" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் அச்சகத்திலேயே சாப்பிட்டான்.

இன்று காலை, பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோ சொல்லட்டுமா என்று கேட்டேன். "நானே கொண்டுபோய் விடறேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். சாட்சிக் கையெழுத்துப் போடுவானா தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடு. மறுநாள் ஆபரேஷன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நகல் இத்துடன் இருக்கிறது. சத்தமாக வாசி. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தி, "யாரு?" என்று கேள். ஓர் இடத்தில் பதில் வராவிட்டாலும் கையெழுத்துப் போடாதே.

அப்பா