வாசலில் நின்ற தினைமாவு

ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு. கள்ளக்குறிச்சி.

ஆன்மிக மலருக்குச் சென்னைக் கோயில்களைப் பற்றி எழுத, கல்வராயன் மலைப் பெண்களோடு பஸ்ஸில் போய் வந்தேன். பெரிய கோயில் ஒன்றின் வாசலில், அவர்களில் ஒருத்தியான அலமேலு சாமிக்குப் படைக்கக் கொண்டுவந்த தினைமாவைக் காவலாளி தடுத்தார்.

"கடையில விக்கிற அர்ச்சனைத் தட்டு மட்டுந்தாம்மா உள்ள போவும்."

"எங்க மலைச்சாமி இதத்தான் துன்னுது. உங்கூரு சாமிக்கு இன்னா, பல்லு இல்லியா?"

வரிசை சிரித்தது. அவள் அங்கேயே மாவை உருண்டை பிடித்து எல்லோருக்கும் கொடுத்தாள். காவலாளியும் கை நீட்டினார்.

"இது பேப்பர்ல வருமாங்க?" என்று திரும்பும்போது கேட்டாள். வரும் என்றேன்.

கட்டுரையைப் படித்த மலர் ஆசிரியர் சற்றுமுன் போனில், "அந்தத் தினைமாவுப் பத்தி வேண்டாம் சார், கோபுரத்தைப் பற்றி நாலு வரி கூட்டுங்க" என்றார். கோபுரத்துக்கு வேண்டிய அளவு எழுதியாயிற்று. அந்தப் பத்தியை எடுத்தால் கட்டுரையில் என் பெயரும் வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். அவர் பதில் எழுதுவதற்குள் போனை அணைத்துவிட்டேன்.