நாலு அங்குலத்தில் எதிரி

மார்ச் 4

அன்பு டிரைவருக்கு,

நலமா? தங்கச்சி நலமா? நம் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. பதினோரு வருடம் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டி, சண்டை பிடித்து எழுதிய விதிகள்! கையில் வாங்கியதும் கண் கலங்கிவிட்டது.

கைகலப்பு அத்தியாயம்தான் உயிரை வாங்கியது. விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாரும், "எதிரி நாலு அங்குலத்துக்குள்ள வந்தா, குழியில இருக்கிறவன் எதுக்கு சார் பகடை போடணும்? நின்னு அடிக்க வேண்டியதுதானே?" என்றார்கள். பயம் என்று ஒன்று இருக்கிறதப்பா, ஒன்றோ இரண்டோ விழுந்தால் ஓடித்தான் ஆக வேண்டும், அடிபட்டவன் அங்கேயே கிடப்பான் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் ஓர் உதாரணம் சேர்த்தேன். சட்டென்று விளங்கிவிட்டது. பெயர் எதுவும் போடவில்லை.

இரண்டு பிரதி அனுப்புகிறேன். வழக்கம்போல் திட்டி எழுது, சோம்பேறி.

உன்,
வாத்தியார்

மார்ச் 15

வாத்தியாருக்கு,

பார்சல் வந்தபோது நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் பிரித்திருக்கிறாள். மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தால், புத்தகம் முப்பத்தொன்றாம் பக்கத்தில் திறந்து கிடக்கிறது.

'பதுங்குகுழியில் இருவர். ஒருவனுக்கு முழங்காலில் குண்டு. சிவப்புக் கம்பளித் துண்டால் கட்டியிருக்கிறான். எதிரி நாலு அங்குலத்தில். மற்றவனுக்குப் பகடையில் ஒன்று விழுகிறது. ஓடுகிறான்.'

தன் தம்பி பட்டாளத்துக்குக் கிளம்பியபோது அந்தத் துண்டைப் பின்னிக் கொடுத்தவள் அவள். எங்கள் குழிப் பக்கம் ஷெல் விழுந்து ஒரு நொடியில் போய்விட்டான், வலித்திருக்கவே வலித்திருக்காது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தத் துக்கத்தைச் சொல்லப் போன வீட்டில்தான் பெண்ணும் எடுத்தேன். நடந்ததை இந்த உலகத்தில் ஒரே ஒருவனிடம் சொன்னேன். அவன் அதை உதாரணமாக்கிவிட்டான்.

உனக்கு வேறு நிறமே கிடைக்கவில்லையா?

டிரைவர்

மார்ச் 22

அன்பு டிரைவருக்கு,

சத்தியமாகச் சொல்கிறேன், அது தங்கச்சி பின்னியது என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னதே இல்லை. உயிரோட்டமாக இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்த விதியைக் கொண்டுவந்ததே நீதானே? ஓடுகிறவனைக் கோழை என்று எழுதாதே, பழியைப் பகடையின் மேல் போடு என்று மன்றாடியது யார்?

அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிறேன். நேரில் வந்து தங்கச்சி காலில் விழுகிறேன். ஒரு வரியாவது எழுது.

வாத்தியார்

ஏப்ரல் 9

அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறாயாம். அவள் படித்தது முதல் பதிப்பு.

வராதே. அவள் இங்கே இல்லை. அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். விதி என்னுடையது என்றாய், சரிதான். அதை இப்போது சொல்லிக் காட்டினாய் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

துணிகளை மடித்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்: "நீங்க ஓடுறப்ப அவன் கூப்பிட்டானா?"

அதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. உன் புத்தகத்திலும் இல்லை. இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"ரெண்டு தடவை" என்றேன்.

பெட்டியை மூடிவிட்டாள்.

இனி நீ எழுதாதே.