ராஜா காசா, ராணி காசா

நொச்சிக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

என் மூத்த மகன் செம்பியனுக்கு அம்மா வேலம்மா எழுதுவது. எல்லையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். தம்பி மேல் உள்ள கோபத்தில் போன் நம்பரை மாற்றிக்கொண்டாய், பெற்றவளையும் சேர்த்துத்தானே தள்ளி வைத்தாய்? போகட்டும். நம் தெரு விக்கி நாளை நீ இருக்கும் மஸ்கட்டுக்கு வேலைக்கு வருகிறான். இந்தக் கடிதத்தை ஒட்டி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி டில்லிபாபு கடலுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. படகு மட்டும் கவிழ்ந்து கோவளம் பக்கம் கிடைத்தது. ஷீலாவுக்கு இது எட்டாம் மாதம். 'அவரு எங்கியாவது கரை ஏறிகீறாரு அத்தே' என்று தினமும் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறாள்.

நேற்று போலீஸ்காரர்கள் கரை ஒதுங்கிய ஒரு உடலைப் பார்க்க ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். காசிமேடு போவதாக ஷீலாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன். முகம் என்று ஒன்றும் இல்லையடா. அரைஞாண்கயிறும் அதில் ஓட்டை போட்டுக் கோத்த பழைய வெள்ளிக்காசும்தான் மிச்சம். துடைத்துக் காட்டினார்கள். ராஜா தலை. என் கழுத்து மாலையை அறுத்து உனக்கு ராஜா காசும் அவனுக்கு ராணி காசும் கட்டியவள் நான்தானே? இப்படிக் காசு கட்டிய பிள்ளைகள் குப்பத்துக்குக் குப்பம் இருக்கிறார்கள். 'என் புள்ள இல்ல சார்' என்று கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் பைத்தியக்காரி மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் காலை வைத்ததும்தான் நினைவு வந்தது. அப்பா கருமாதியன்று நீங்கள் இருவரும் பழைய கயிற்றைக் கடலில் அறுத்துப் போட்டு, காசைப் புதுக்கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டீர்கள். என்னை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். திரும்பி வந்த டில்லி, 'யம்மா, அண்ணன் காச நான் கட்டிக்கினேன்' என்று சிரித்தான். அவன் எதைத்தான் விளையாட்டில்லாமல் சொல்லியிருக்கிறான்? நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மறுவாரமே படகு யாருக்கு என்று அடித்துக்கொண்டீர்கள், நீ கிளம்பிவிட்டாய்.

ஷீலாவைக் கேட்டால் ஒரு நொடியில் தெரியும். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எந்த வாயால் கேட்பேன்? வெள்ளிக்கிழமைக்குள் யாரும் வராவிட்டால் அநாதைப் பிணம் என்று புதைத்துவிடுவார்களாம். உன் தம்பியை அப்படிப் போக விட்டுவிட்டேனோ என்று நெஞ்சு வெடிக்கிறது.

உன் இடுப்பில் இருப்பது எந்தக் காசு என்று பார். ராஜா என்றால் உடனே விக்கி போனிலிருந்து என்னைக் கூப்பிடு. ராணி என்றால் கூப்பிடாதே, என் போன் எப்போதும் ஷீலா கையில்தான் இருக்கிறது. நேரே கிளம்பி வா. கொள்ளி வைக்க நீதான் இருக்கிறாய்.

மூன்று வருஷமாக என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பு என்று அம்மனிடம் அழுதேன். இப்போது நீ வந்துவிடக் கூடாதே என்று அழுகிறேன்.

அங்கேயே நன்றாக இருடா, என் கண்ணே.

உன் அம்மா,
வேலம்மா.