மூன்றேகால் பஸ்ஸும் மூடாத பக்கமும்

மாத்தளை,
2025 ஒக்டோபர் 14, செவ்வாய், காலை 10.20.
ஒன்பது நாளில் உங்களுக்கு எடுத்த கோல் பதினேழு. நீங்க எடுத்தது ஒன்றுமில்லை.

அன்புள்ள றிகாஸ் நானாவுக்கு,

ஸலாம். உம்மாவுக்குப் பிரஷர் கூடியிருக்கு, காரணம் நீங்கதான். வட்ஸ்அப்பில் போட்டால் பாதியில் மூடிவிடுவீங்க. அதனால்தான் கடதாசியில் எழுதி, வியாழக்கிழமை டோஹா வந்து சேரும் றிஸ்வானிடம் கொடுத்துவிடுகிறேன். முழுக்கப் படிங்க.

விதைநெல்லில் கள்ளம் செய்தவளை எங்கட வீட்டுக்கு எடுக்க ஏலாது, இந்தக் கலியாணம் வேணாம் என்று உம்மாவுக்கு வொயிஸ் போட்டீங்க. நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

உங்களுக்குப் பேசிவைத்த றுஸைனா வேலை செய்யும் வில்கமுவ விவசாயச் சங்கத்தில், யாருக்கு விதைநெல் கொடுக்கலாம் என்ற அனுமதி எல்லாம் இப்போது இணையப் பக்கத்தில். ஸ்மார்ட் காட்டை ரீடரில் செருகி, இரகசிய இலக்கம் அடித்தால்தான் பக்கம் திறக்கும். யார் என்ன செய்தார் என்று பெயரோடு பதிவாகும். எங்கட கம்பெனி சார்பில் அதை அங்கே அமைத்துக்கொடுத்தவன் நான். செப்டம்பர் 23, பின்நேரம் 3.42க்கு, காணியே இல்லாத பதினொரு பேருக்கு விதைநெல் அனுமதியாகியிருக்கிறது. பதிவில் இருப்பது அவ பெயர். காட் எங்கே இருந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். என் பையில்தான், யாருக்கும் கொடுக்கவில்லை என்றா. உண்மையைச் சொன்னா, அதையே பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் அவ தன் ஊர் நாவுலைக்குப் போகும் 3.15 பஸ்ஸில் இருந்தா. அதை விட்டால் மறுநாள்தான் பஸ். அதனால் பஸ்ஸில் போகிற எல்லோரும் போகும்போதே வரவுப் புத்தகத்தில், வேலை முடியும் நேரமான 4.15 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தலைவர் முதல் பியோன் வரை தெரிந்த விசயம். பஸ்ஸில் போனேன் என்று அவ சொன்னதும், அப்போ இந்த 4.15 யார் போட்டது என்று கேட்டார்கள். கூட வேலை செய்யும் சுதர்சினி அக்காவைப் பிடித்தேன். தம்பி, அவ என் பக்கத்து சீட்லதான் இருந்தா, ஆனா அதைச் சொன்னா என்னோட 4.15ஐயும் கேப்பாங்களே என்று சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி என் பங்கு. காட்டை இழுத்தவுடன் பக்கம் தானாக மூடவேண்டும். முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் அங்கே ஏழு பேருக்கு ரீடர் இரண்டு. ஒருத்தர் காட்டை எடுத்து ரீடரை அடுத்த மேசைக்குக் கொடுத்ததும் அவருடைய வேலை பாதியில் அறுந்துவிடும். உடனே எனக்குக் கோல். அவ்வளவு தூரம் பைக்கில் மூன்று தடவை போய்வந்து அலுத்து, ஜூலையில் அந்தத் தானாக மூடுவதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, வெளியேறும் பட்டனை அமுக்கும்வரை பக்கம் திறந்தே கிடக்கும். அவ காட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கா. யாரோ அவ கதிரையில் இருந்துகொண்டு அனுமதியை அமுக்கியிருக்கிறார்கள். யார் என்று தெரியாது, ஊகித்து எழுத மாட்டேன்.

சனிக்கிழமைதான் அவ கம்ப்யூட்டரின் பதிவைத் தோண்டினேன். அன்று காட்டை இழுத்தது 3.06. பிறகு செருகவே இல்லை. என் மேலதிகாரி சசிகரன் அண்ணனிடம் காட்டினேன். தம்பி, கேட்டால் மட்டும் சொல்லு, கேளாததுக்கு வாய் திறக்காதை, வேலை போனால் என்னைக் கேக்காதை என்றார். நல்ல மனுசன்தான். நானும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நீங்களும் என்னைப்போல வாய் திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவில்லை, நானா. யாரோ சொன்ன கதையை நம்பினீங்க. விசாரணைக்காரர்கள்கூட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். நீங்க கேட்கவில்லை. நேற்று அவவோட பேசின கோலில் வழக்கம்போல மதினி என்று கூப்பிட்டேன். இனி அப்படிக் கூப்பிடாதீங்க தம்பி என்றா. அழவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அல்லாஹ் உங்களுக்கு சுகத்தையும், கேட்கிற காதையும் தரட்டும்.

உங்கள் தம்பி,
ஹஸீப்

இனி நான் செய்யப்போவது:

1. எதிலும் கை வைக்குமுன் அந்தப் பதிவை இரண்டு பிரதி அடிப்பேன்.
2. பக்கம் தானாக மூடுவதை நிறுத்தியது நான், றுஸைனாவுக்கு அது தெரியாது என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கையெழுத்து வைப்பேன்.
3. அதைக் கொடுக்குமுன் சசிகரன் அண்ணனிடம் சொல்வேன். கம்பெனி லெப்டொப்பையும் கையோடு கொண்டுபோவேன், எப்படியும் திருப்பிக் கேட்பார்.
4. அதற்குப் பிறகும் வேலை இருந்தால், காட்டை இழுத்ததும் மூடுகிறமாதிரி மறுபடி வைப்பேன். எத்தனை கோல் வந்தாலும் சரி.
5. வெள்ளி ஜும்ஆ முடிந்து நாவுலைக்குப் போய், அவ வாப்பா முன்னால் எல்லாத்தையும் சொல்வேன். உங்க நானா என்ன சொல்றார் என்று கேட்பார். அதை நீங்கதான் சொல்லணும். இதை நீங்க வியாழன் படிப்பீங்க. ஒரு நாள் இருக்கு. எனக்குக் கோல் எடுக்க வேணாம், அவளுக்கு எடுங்க.